கேட்டைக்கு வடக்கே ஒரு முகில்

வவுனியாவில் நான் ஏறிய மன்னார் பஸ்ஸில் பாதிப்பேர் திருக்கேதீச்சரத்துக்குப் போகிறவர்கள். மறுநாள் ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் பாலாவியில் முழுகி எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். எனக்கும் அமாவாசைதான் தேவைப்பட்டது. நிலவில்லாத வானம் வேண்டும். பக்கத்தில் இருந்த அம்மா, உயிலங்குளத்தில் இறங்குகிறேன் என்றதும், "அங்கை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். கேட்டை நட்சத்திரத்தைப் பார்க்கப் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். சாதகத்தில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு, முருங்கன் தாண்டும்வரை சாந்தி செய்கிற முறைகளை எனக்கு விளக்கிக்கொண்டு வந்தார்.

வானம் பார்க்க உயரமான இடம் நல்லது என்பது பொது விதி. ஆடி மாதத்தில் அது இலங்கையில் பலிக்காது. தென்மேற்குப் பருவமழையில் மலைநாடு முகிலுக்குள் புதைந்திருக்கும். மழையை மலை வாங்கிக்கொள்ள, மன்னாருக்குச் சோளகம் மட்டும் வெறுங்கையோடு வந்து சேரும். இந்தப் பக்கத்து மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் கிடக்கும் இந்தத் தரையிலிருந்து பார்த்தால் விருச்சிகம் தெற்கே நன்றாக ஏறி நிற்கும். கேட்டை 55 பாகை உயரத்துக்கு வரும். லண்டன்காரருக்கு அது 12 பாகை, வீட்டுக் கூரைக்குப் பின்னால்.

உயிலங்குளம் பெரிய ஊரில்லை. மதவாச்சியிலிருந்து மன்னாருக்கு வரும் ஏ-14 வீதியில் ஒரு சந்தி, சில கடைகள், சுற்றிவர வயலும் சிறு குளங்களும். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு இந்தப் பெயர் நாடெல்லாம் தெரிந்திருந்தது. இராணுவத்தின் பகுதியிலிருந்து புலிகளின் பகுதிக்குள் போகிற பாதைகளில் ஒன்று இங்கேதான் திறந்தது. பையைப் பிரித்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, வெயிலில் வரிசையாக நின்ற சந்தி அது. இப்போது இறங்கியவுடன் பிளேன்ரீ கிடைக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் பௌதிகம் படிப்பிக்கிற நண்பர் மோட்டார் சைக்கிளோடு காத்து நின்றார்.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்ததால் கட்டுக்கரைக் குளத்துக்குப் போனோம். தாதுசேன மன்னன் கட்டியது, 5ஆம் நூற்றாண்டு என்று சொல்வது வழக்கம். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்து, வாய்க்கால் வெட்டி, இந்தத் தட்டை நிலத்துக்கு நீர் கொண்டுவந்த வேலை இன்றைக்கும் ஓடுகிறது. சிறுபோகத்துக்கு இருக்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் காணி பங்கிடுவார்கள். மேற்கே இறங்கிய சூரியன் குளம் முழுக்கக் கண் கூசும்படி எறித்தது. நண்பர் தன் போலரொயிட் கண்ணாடியைக் கழற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து, மெல்லச் சரிக்கச் சொன்னார். நேராகப் பிடித்தால் கூச்சம் அடங்கி, தண்ணீருக்குள் பாசி தெரிகிறது. கால்வட்டம் திருப்பினால் பழையபடி எறிப்பு.

மாடு சாய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "என்ன தம்பி, கண்ணாடியை இப்பிடித் திருப்பித் திருப்பிப் பாக்கிறியள்?" அவர் கையில் கொடுத்தோம். சரித்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "இது நல்ல வேலைதான்" என்று திருப்பித் தந்துவிட்டு மாட்டுக்குப் பின்னால் போனார்.

ஒளி, தான் போகும் திசைக்குக் குறுக்கே அதிர்கிற அலை. சூரியனிலிருந்து நேரே வருவதில் எல்லாப் பக்கத்து அதிர்வும் கலந்திருக்கும். தண்ணீரில் பட்டுத் தெறித்ததில் கிடையான அதிர்வு கூடிவிடுகிறது. கண்ணாடி அதை மறிக்கிறது. ஒரு பக்கத்து அதிர்வு இப்படி மிஞ்சி நிற்பதைத்தான் முனைவாக்கம் என்று உயர்தர வகுப்பில் படித்தோம். அதைக்கொண்டு நட்சத்திரம் பிறக்கிற முகிலொன்றின் காந்தப்புலத்தை வரையலாம் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. அந்தக் கதையில் ஒரு தமிழருக்கு முக்கியமான பாத்திரம் இருந்தும் சொல்லவில்லை.

சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள்: சென்னை மாநிலக் கல்லூரி, 1930ஆம் ஆண்டுக் கப்பல் பயணம், வெண்குறு விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை, எடிங்டனின் ஏளனம், 1983இல் நோபல். நல்ல கதைதான், ஆனால் சலித்துவிட்டது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தியது. 1946இல், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யேர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தபோது, சூடான விண்மீனின் விளிம்பிலிருந்து வரும் ஒளி முனைவாக்கம் பெற்றிருக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். விளிம்பின் ஓரத்தில் அது 11 வீதத்துக்கும் மேலே போகும். இரட்டை விண்மீன்களில் ஒன்று மற்றதை மறைக்கும் நேரத்தில், விளிம்பு மட்டும் தெரியும்போது, இது பிடிபட வேண்டும். வில்லியம் ஹில்ட்னர், ஜோன் ஹோல் என்ற இருவர் தேடினார்கள். முனைவாக்கம் கிடைத்தது. ஆனால் மறைப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது ஒரே அளவில் இருந்தது. மறைப்பே இல்லாத தனி விண்மீன்களிலும் இருந்தது. தூரத்தில், தூசிக்குப் பின்னால், சிவந்து தெரியும் விண்மீன்களில்தான் அது கூட இருந்தது. 1949இல் இருவரும் தனித்தனியே வெளியிட்டார்கள். ஒளியில் கை வைத்தது விண்மீன் இல்லை, வழியில் கிடந்த தூசி.

தூசித் துணிக்கைகள் உருண்டையாக இல்லாமல் நீண்டும், எல்லாம் ஒரே பாட்டில் திரும்பியும் இருந்தால்தான் இப்படி நடக்கும். அவற்றைத் திருப்பி வைப்பது காந்தப்புலம் என்று லெவரெட் டேவிஸும் ஜெஸ்ஸி கிரீன்ஸ்ரைனும் 1951இல் விளக்கினார்கள். இரண்டு வருடம் கழித்து, சந்திரசேகரும் என்றிக்கோ ஃபேர்மியும் சேர்ந்து, அந்தப் புலத்தின் வலிமையையே கணித்தார்கள். விளிம்பைத் தேடச் சொன்னவருக்கு வழியில் கிடந்தது கிடைத்தது. அதை எடுத்து அவர் வேலைக்கு ஆக்கிவிட்டார். நோபல் பெற்ற வேலையை விட இதில்தான் எனக்கு மனிதரின் குணம் தெரிகிறது.

ஏழரைக்கு நன்றாக இருண்டுவிட்டது. வயல் நடுவே ஒரு வரம்பில் பாய் விரித்தோம். மன்னார்ப் பக்கம் அடிவானத்தில் கொஞ்சம் வெளிச்சம், மற்றப்படி கறுப்பு. எட்டு மணி கழிய கேட்டை உச்சத்தில் நின்றது, செம்மை பார்த்தவுடன் தெரியும்படி. அதற்கு வடக்கே இரண்டு மூன்று பாகை தள்ளி, பால்வீதியை நோக்கிப் போகிற கரிய திட்டுகள். வெறுங்கண்ணுக்கு அங்கே விண்மீன் குறைவு என்பது மட்டும் புரியும். ஏறத்தாழ 450 ஒளியாண்டு தூரத்தில், நமக்கு மிகக் கிட்டடியில் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் முகில்களில் அது ஒன்று. சர்ப்பதாரி முகில் என்று எழுதலாம். விருச்சிகத்தின் எல்லையை ஒட்டிக் கிடப்பதால் எனக்கு அது கேட்டை முகில்தான்.

அந்தக் கறுப்பு வெறுமை இல்லை, நெரிசல். ஐதரசன் வாயுவும், எடையில் நூற்றில் ஒரு பங்கு தூசியும். துணிக்கை ஒன்று மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. இந்தத் தூசி எதனால் ஆனது என்ற கேள்வியில் இலங்கையர் ஒருவருக்கும் பங்குண்டு: கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்க, பிரெட் ஹொயிலோடு சேர்ந்து 1962இல் அது கரிமத்தின் ஒரு வடிவமான காரீயம் என்று வாதிட்டார். பிறகு அது நுண்ணுயிர் என்று போனார்; அங்கே பெரும்பாலான வானியலாளர் அவரோடு போகவில்லை. இன்றைய கணக்கில் கரிமமும் சிலிக்கேற்றும் இரண்டும் உண்டு, காந்தப்புலத்துக்குத் திரும்புவது முக்கியமாகச் சிலிக்கேற்று. உள்ளே இருக்கும் இரும்பு அதற்கு உதவுகிறது. விண்மீன் ஒளி பட்டுத் துணிக்கை சுழலத் தொடங்கும். சுழலும் அச்சு காந்தப்புலத்தோடு ஒத்துப்போகும். ஆகவே நீண்ட பக்கம் புலத்துக்குக் குறுக்கே நிற்கும்.

ஹில்ட்னர் காலத்து முறை முகிலின் ஓரங்களுக்குத்தான் உதவும். நடுவுக்குள் பின்னால் நிற்கும் விண்மீனின் ஒளியே வராது. அங்கே தூசியிடமே கேட்க வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே 260 பாகைக் குளிரிலும் தூசி மெல்லக் கதிர்வீசுகிறது, மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த அலைநீளத்தில். நீண்ட பக்கம் வழியாகக் கூட வீசும். வரும் அலையின் அதிர்வுத் திசையை அளந்து, அதைக் கால்வட்டம் திருப்பி வரைந்தால் அதுதான் காந்தக் கோடு. பின்னேரம் குளக்கட்டில் கண்ணாடியைத் திருப்பியது போலவே, ஹவாயில் மவுனாகியா மலையில் 4,092 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் தொலைகாட்டியில் ஒரு தட்டு ஓயாமல் சுழல்கிறது. அந்தத் தட்டு இருக்கும் கருவியின் பெயர் பொல்-2. தொலைகாட்டியின் பெருந்தட்டு 15 மீற்றர், பார்க்கும் அலை 0.85 மில்லிமீற்றர். அதே அலைநீளத்தில், 2009இல் ஏவிய பிளாங்க் செய்மதி வானம் முழுவதையும் முன்பே வரைந்திருந்தது. கிட்டடி முகில்கள் பத்தை எடுத்துப் பார்த்ததில், ஐதான இழைகள் காந்தக் கோட்டோடு சேர்ந்து ஓடுவதும், அடர்ந்தவை அதற்குக் குறுக்கே திரும்புவதும் தெரிந்தது. பொல்-2 பார்ப்பது அதைவிட இருபது மடங்கு நுணுக்கம். விண்மீன் பிறக்கும் கருவறை வரைக்கும் போகலாம்.

பிஸ்ரோ என்ற கூட்டு ஆய்வு அந்தக் கருவியோடு 2016இல் தொடங்கியது. கேட்டை முகிலின் பி என்ற துண்டைப் பற்றிய கட்டுரை 2018இல் வந்தது. முதல் பெயர் அர்ச்சனா சோம், இன்று பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் இருப்பவர். அவர்களுடைய படத்தை அச்சடித்து மடித்து எடுத்துப்போயிருந்தேன். சிவப்புத் துணி சுற்றிய டோர்ச் வெளிச்சத்தில் நண்பரும் நானும் பார்த்தோம். முகிலின் மேல் சின்னச் சின்னக் கோடுகள். பி-1 என்ற கட்டியில் அவை கலைந்து கிடக்கின்றன. பி-2இல் ஒழுங்கு கூட. கட்டியின் நீளவாக்கில் போகின்றன. ஓரங்களில், வெளியே நீளும் பெரிய புலத்தோடு வந்து பொருந்துகின்றன. நடுவே போகப்போக முனைவாக்கம் குறைகிறது. அங்கே ஒளி போதாமல் துணிக்கைகள் திரும்பாமல் நிற்கின்றனவா, அல்லது கோடுகள் நமக்குத் தெரியாதபடி முறுகியிருக்கின்றனவா என்பது இந்தத் துறையின் பழைய வழக்கு.

திசை சரி, வலிமை எப்படி? இந்த இடத்தில்தான் சந்திரசேகரும் ஃபேர்மியும் வருகிறார்கள். மன்னார் வீதியோரத்து உடை மரங்களைப் பார்த்தால் அவர்களுடைய யோசனை விளங்கும். எல்லா மரமும் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்திருந்தால் அங்கே பலமான, நிலையான காற்று. ஒன்று கிழக்கே, ஒன்று வடக்கே என்று நின்றால் காற்றுக்கு அந்தப் பலம் இல்லை. முகிலில் வாயு கொந்தளிக்கிறது. கோடுகளை உலைக்கப் பார்க்கிறது. புலம் பலமாக இருந்தால் கோடுகள் அதிகம் உலையா. ஆகவே வாயுவின் அடர்த்தியின் வர்க்கமூலத்தை எடு, கொந்தளிப்பின் வேகத்தால் பெருக்கு, கோடுகள் எவ்வளவு பாகை சிதறியிருக்கின்றன என்பதால் வகு. ஒரு மாறிலி சேர்த்தால் விடை. புலத்தின் வலிமையை அதன் ஒழுங்கிலிருந்து அளப்பதாக நாம் நினைப்போம். உண்மையில் அளப்பது எஞ்சிய ஒழுங்கீனத்தை. 1953இல் பால்வீதியின் ஒரு கையை எடுத்து, வேகம் செக்கனுக்கு 5 கிலோமீற்றர், சிதறல் 11 பாகை அளவு என்று வைத்து, அவர்கள் பெற்ற விடை கவுஸில் பத்து இலட்சத்தில் 7 பங்கு. உயிலங்குளத்துத் தரையில் பூமியின் புலம் ஏறத்தாழ 0.4 கவுஸ். அதைவிட ஐம்பதாயிரம் மடங்குக்கு மேல் மெலிந்தது. இன்றைய கணிப்புகளும் அதன் அக்கம்பக்கத்தில்தான் நிற்கின்றன.

முறையில் குறை இல்லாமல் இல்லை. ஒரே பார்வைக் கோட்டில் பல முகில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் சிதறல் சமப்பட்டு, புலம் உள்ளதைவிடப் பலமாகத் தெரியும். 2001இல் கணினியில் முகில்களை உருவாக்கிப் பார்த்தவர்கள் விடையைப் பாதியாக்கச் சொன்னார்கள். எழுபது வருடமாகத் திருத்தித் திருத்தி, இன்னும் அதையே பாவிக்கிறார்கள். டேவிஸும் 1951இலேயே இந்த யோசனையைத் தனியாகச் சொல்லியிருந்ததால் மூன்று பெயரும் சேர்த்துத்தான் இப்போது வழங்குகிறது.

பி-2 கட்டிக்கு அர்ச்சனா சோம் குழு பெற்ற விடை 630 மைக்ரோ கவுஸ். வழு, கூட்டவோ கழிக்கவோ 410. நண்பர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "எங்கடை பெடியள் செய்முறைப் பரீட்சையிலை இப்பிடி எழுதினா நான் சுழியம் போடுவன்." எனக்கு மாறான எண்ணம். 220ஆகவும் இருக்கலாம், ஆயிரத்தைத் தாண்டியும் இருக்கலாம் என்று தெரிந்தே அச்சில் போடுகிற துணிவு சும்மா வராது. அதே கட்டுரையில் இன்னொரு எண் உண்டு. முகில் தன் எடையால் சுருங்கப் பார்க்கிறது, காந்தப்புலம் தாங்கிப் பிடிக்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு மேலே போனால் எடை வெல்லும், விண்மீன் பிறக்கும். அவர்கள் பெற்றது 1.6, வழு 1.1. கட்டி சற்றே எடையின் பக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். வழுவையும் சேர்த்தால் ஒன்றுக்குக் கீழேயும் போகலாம். விண்மீன்கள் ஏன் இவ்வளவு மெதுவாகப் பிறக்கின்றன, முழுப் பால்வீதியிலும் ஆண்டுக்குச் சூரியன் ஒன்றிரண்டு அளவில்தான் ஏன், என்ற பெரிய கேள்விக்குக் காந்தம் எவ்வளவு பொறுப்பு என்பது இந்த வழுவுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

காலையில் நண்பர் பள்ளிக்கூடத்துச் சரிவூசியைக் கொண்டுவந்து காட்டினார். சாதாரணத் திசைகாட்டி கிடையாக மட்டும் சுழலும்; இது மேலும் கீழும் சாயும். லண்டனில் இதை வைத்தால் ஊசி மூக்குக் குத்தத் தரைக்குள் பாயும். உயிலங்குளத்தில் அது கிட்டத்தட்டக் கிடையாகவே படுத்துவிட்டது. காந்த மத்தியகோடு தென்னிந்தியாவின் முனையையும் இலங்கையையும் ஊடறுத்துப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே வானில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கத்தான் அக்கரையில் திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்த நிறுவனம் ஓர் ஆய்வுகூடம் வைத்திருக்கிறது. நண்பர் இதில் ஒரு பாடம் எடுத்தார். இங்கே சாதாரணத் திசைகாட்டி காட்டுகிற கிடைப் பகுதியே அநேகமாக முழுப் புலம். அது காட்டாமல் விடுவது மிகச் சிறிது. முகில் படமும் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது: வானத்தின் தளத்தில் விழுகிற பகுதி. நம்மை நோக்கி வருவதோ, நம்மிடமிருந்து விலகிப் போவதோ தூசியில் பதிவதில்லை. அந்த விடுபட்ட பகுதி எவ்வளவு என்று அறிய முகிலுக்குப் பக்கவாட்டில் போய் நிற்க முடியாதே.

மன்னார்த் தீவுக்குள் போனபோது சோளகம் உச்சத்தில் இருந்தது. தெற்குக் கரையோரம் தம்பபவனிக் காற்றாலைகள் முப்பதும், 2020 மார்கழியில் திறந்தவை, ஒரே முகமாக நின்று சுழன்றன. இன்னும் காற்றாலை வேண்டாம், கனிய மணல் அகழ்வு வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கியதை இந்தக் கரையில் நிற்கும்போது மறக்க முடியாது; கடல்மட்டத்தோடு கிடக்கும் தீவில் மணலைத் தோண்டினால் மிஞ்சுவது என்ன என்பது அவர்கள் கேள்வி, எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது. அலை ஒதுக்கிய மணலில் கறுப்பு வரிகள் கிடந்தன. இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் கலந்த கனியம். ஆலைகளில் இதைப் பலமான காந்தம் வைத்தே மற்ற மணலிலிருந்து பிரிக்கிறார்கள். கேட்டை முகிலின் துணிக்கைகள் திரும்புவதற்கும் உள்ளே இருக்கும் இரும்புதான் கைகொடுக்கிறது.

முகில் படத்தில் விடுபட்ட பகுதியை அளக்க வேறு வழி இருக்கிறது, அது தூசி வழி இல்லை. வாயுவின் வானொலிக் கோடு, காந்தப்புலத்தில் மிகச் சிறிதாகப் பிளக்கும். அந்தப் பிளவு நம்மை நோக்கிய புலத்தின் அளவைச் சொல்லும். பிளவு மிக மெல்லியது என்பதால் பெரிய தட்டு வேண்டும். சீனத்தின் குய்சோ மாகாணத்தில் இருக்கும் 500 மீற்றர் ஃபாஸ்ட் தொலைகாட்டி, இடப முகில்களில் எல் 1544 என்ற கருவைச் சுற்றிய வாயுவில் இதை அளந்தது, 2022இல் வெளிவந்தது. விடை 4 மைக்ரோ கவுஸுக்குச் சற்றுக் குறைவு, வழு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எதிர்பார்த்ததை விட முன்னதாகவே அங்கே எடை வென்றுவிட்டது என்பது அவர்கள் முடிவு. ஒரு முகிலில் ஓர் இடம்தான். இனி அதைத் தூசிப் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

இடப முகில்கள் கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் அக்கம்பக்கத்தில் பரந்து கிடப்பவை. அவற்றைப் பார்க்க எப்போது வரலாம் என்று பஸ் ஏறும்போது நண்பரிடம் கேட்டேன். மார்கழி சரிவராது, அப்போது காலபோக வயலுக்கு மழை வேண்டும். "தை அமாவாசைக்கு வாங்கோ" என்றார். "மாசி எண்டா வெட்டு மிசின் லைற்றைப் போட்டுக்கொண்டு இரவிரவா ஓடும், ஒண்டும் தெரியாது."